விஸ்லரின் 'ரீவா' எட்சிங்: வாங்கும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள்

வெனிஸ் படகுத்துறையின் நெரிசலை இத்தனை சிக்கனமான கோடுகளில் பிடித்த எட்சிங்குகள் (உலோகத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரித்து, மை பூசித் தாளில் அச்சிடும் படங்கள்) குறைவு. அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர் 1879-80இல் அங்கே தங்கிச் செய்த 'ரீவா', ரீவா தெல்லி ஸ்கியவோனி கரையைக் காட்டுகிறது. 1880இல் லண்டன் ஃபைன் ஆர்ட் சொசைட்டி வெளியிட்ட 12 எட்சிங்குகளில் இதுவும் ஒன்று. 1886 தொகுப்பில் 'ரீவா எண் 2' வேறு இருக்கிறது. விற்பவர் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

லென்ஸில் பார்த்தால் கரையில் நிற்கும் ஆளுக்கு முகமே கிடையாது, நாலைந்து குறுங்கீறல்தான். கையைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்தால் அதே கீறல்கள் நடமாடத் தொடங்கிவிடும். வானத்தை வெறுந்தாளாகவே விட்டிருக்கும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

காட்சியில் இடவலம் மாறியிருக்கும். எதிரே பார்த்தபடியே செப்புத்தகட்டில் கீறியதால் தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழுந்தது. மேற்கு நோக்கி நின்றால் இடப்பக்கம் வரவேண்டிய தண்ணீர் இதில் வலப்பக்கம். அதைக் குறையாக நினைக்காதீர்கள். 'சரிசெய்த' படம் வந்தால் அது மறுபதிப்பு.

ஆஃப்செட் நகலில், அதாவது புத்தகம் அச்சிடும் முறையில் எடுத்த நகலில், வரிசையான புள்ளிகள் தெரியும். அசலில் கோடு முழுமையாக இருக்கும், மை தாளுக்கு மேல் லேசாகப் புடைத்து நிற்கும். ஏமாற்றுவது ஃபோட்டோகிராவ்யூர்தான் (புகைப்பட முறையில் தகட்டில் பதித்து அச்சிடும் நகல்): அதிலும் தகட்டுத் தடம், அதாவது தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய கோடு, விழும்; ஆனால் லென்ஸில் கோட்டுக்குள் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாகத் தெரியும்.

படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். விஸ்லரே தகட்டுத் தடத்தை ஒட்டி வெட்டி, கீழே சின்னத் தாள்நாக்கு மட்டும் விட்டு, அதில் பென்சிலால் வண்ணத்துப்பூச்சிக் கையெழுத்துப் போடுவார். அதோடு 'imp' என்றிருந்தால் அவரே அச்சிட்டது என்று பொருள். தகட்டைத் துடைக்கும்போது விட்டுவைத்த மைப்படலம் தாளுக்குத் தாள் மாறும். கைவசம் இரண்டு பிரதி இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

சட்டம் போடுபவர்கள் அந்தத் தாள்நாக்கைத்தான் மவுன்ட்டுக்குள் (படத்தைச் சுற்றி வைக்கும் திறப்புள்ள அட்டை) மறைத்துவிடுகிறார்கள், சில சமயம் வெட்டியும்விடுகிறார்கள். மவுன்ட்டின் திறப்பைப் பெரிதாக வெட்டி, தாள் முழுதும் தெரியும்படி மிதக்கவிடச் சொல்லுங்கள். அமிலமில்லாத பருத்தி அட்டை, படத்தை அதில் பிடித்து நிறுத்த ஜப்பானியத் தாள் கீல், கோதுமைப் பசை போதும். செல்லோடேப் படவே கூடாது, கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது.