கோட்டைப் பிரபுவும் கிராமத்துப் பிணமும்

வாம்பயர், அதாவது ரத்தம் குடிக்கும் பிணம் என்றதும் வெளிறிய முகம், கறுப்பு அங்கி, பாழடைந்த கோட்டை. இது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கதைக்காரர்கள் தைத்துப் போட்ட உடுப்பு. 1819இல் ஆங்கில எழுத்தாளர் பொலிடோரியின் பெயரில் வந்த கதையில் ரத்தம் குடிப்பவர் லண்டன் விருந்துகளில் உலவும் ஒரு பிரபு. 1897இல் வந்த நாவலின் வாம்பயர் டிராகுலாவும் கோமான்தான்.

செர்பியாவின் கிசிலியேவோ கிராமம் 1725இல் பயந்ததோ ஒரு சாதாரணக் குடியானவனுக்கு. பெட்டார் பிளாகோயெவிச் இறந்தபின் எட்டே நாளில் ஒன்பது பேர் செத்தார்கள். இரவில் வந்து கழுத்தை நெரித்தது அவன்தான் என்று சாகும் தறுவாயில் சொன்னார்களாம். ஆஸ்திரிய அதிகாரி முன்னிலையில் குழியைத் தோண்டினார்கள். உடல் அவ்வளவாக அழுகவில்லை, தாடி வளர்ந்திருந்தது, வாயில் ரத்தம். சரி, இது போதாதா? கூராகச் சீவிய கட்டையை நெஞ்சில் இறக்கி, எரித்துவிட்டார்கள்.

இன்றைய தடயவியல் மருத்துவருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உடல் அழுகும்போது உண்டாகும் வாயு வயிற்றை ஊதவைத்து, ரத்தநிறத் திரவத்தை வாய்க்குத் தள்ளும். தோல் சுருங்குவதால் முடியும் நகமும் நீண்டதுபோலத் தெரியும். அதனால்தான் கிராமத்து வாம்பயர் உப்பிச் சிவந்திருக்கும். நாவல் பிரபு பெரும்பாலும் ஒல்லி, வெளுப்பு. (டிராகுலாவும் ஒருமுறை பெட்டிக்குள் உப்பிக் கிடப்பார்.)

வசீகரம் என்ற சமாச்சாரமே கிசிலியேவோவில் கிடையாது. அங்கே செத்தவன் மனைவியிடம் வந்து கேட்டது, தன் செருப்பை.