எஸ்.பி. ரோட்டில் பழைய திங்க்பேட் டி480: பென்டிரைவ் இல்லாமல் போகாதீர்கள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் டெர்மினலிலேயே நாளைக் கழிப்பவர்களுக்கு, பெங்களூரில் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் மடிக்கணினிகளில் திங்க்பேட் டி480-க்குத்தான் முதலிடம். 2018-இல் வந்த மாடல். அடி மூடியைக் கழற்றினால் ரேம், எஸ்எஸ்டி, உள் பேட்டரி எல்லாமே கைக்கு எட்டும். விசைகள் நன்றாக உள்ளே இறங்கும். விம் உரைத்தொகுப்பியில் மணிக்கணக்காகத் தட்டலாம். நடுவிலுள்ள சிவப்புக் குமிழால் சுட்டியை நகர்த்திவிடலாம், விரல்கள் வரிசையை விட்டு நகர வேண்டாம்.

கம்பெனிகள் கழித்த டி480-கள் பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்கு வருகின்றன. கடைக்காரர் விண்டோஸ் திரையைக் காட்டி "சூப்பர் கண்டிஷன்" என்பார். அதைப் பார்த்துத் தலையாட்டாமல் டெபியன் லைவ் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) பென்டிரைவைச் செருகுங்கள்.

அதற்கும் முன்னால் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (இயந்திரத்தின் அடிப்படை அமைப்புத் திரை) போக வேண்டும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அந்த இயந்திரத்தை அப்படியே வைத்துவிடுங்கள். பயாஸ் பேட்டரியைப் பிடுங்கினாலும் அது அழியாது. "அப்புறம் எடுத்துத் தருகிறோம்" என்பது பேச்சோடு நின்றுவிடும்.

பிறகு எஃப்12, பென்டிரைவிலிருந்து பூட். முதல் வேலை பேட்டரி. டி480-இல் இரண்டு உண்டு: உள்ளே 24 வாட்-மணி, வெளியே கழற்றி மாட்டக்கூடியது. சிஸ் கோப்பகத்தின் பவர்-சப்ளை அடைவில் (/sys/class/power_supply) பேட்0, பேட்1 என்று இரண்டும் தெரியும். எனர்ஜி-ஃபுல் எண்ணை எனர்ஜி-ஃபுல்-டிசைன் எண்ணால் வகுத்தால் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரிந்துவிடும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். எண்ணைத் திரையில் காட்டிக் கேட்டால் கடைக்காரரால் மறுத்துப் பேச முடியாது.

அடுத்து எஸ்எஸ்டி. லைவில் வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் இல்லாவிட்டால் போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டெபியனின் நிறுவு கட்டளையான அப்ட் (apt) மூலம் நிறுவலாம். அதிலுள்ள ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளை காட்டும் ஓடிய மணிநேரத்தையும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் தேய்மான சதவீதத்தையும் பாருங்கள். டேட்டா பிழை எண்ணிக்கை 0-ஆக இருக்க வேண்டும்.

டைப்-சி துளைகள் இரண்டிலும் சார்ஜரைத் தனித்தனியே செருகிப் பார்ப்பது கட்டாயம். இந்த மாடலின் பலவீனமே அங்கேதான். பழைய தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (அதிவேக டைப்-சி துளையை இயக்கும் உள் மென்பொருள்) இருந்த பிழை அந்தத் துளையையே செயலிழக்கச் செய்யும். ஆகவே வாங்கியதும் முதல் வேலையாக, சார்ஜரை மாட்டிவைத்து ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் (fwupdmgr) கட்டளையில் ரிஃப்ரெஷ், பிறகு அப்டேட் ஓட்டுங்கள்.

டி480எஸ் என்பது வேறு மாடல். மெலிதாக இருக்கும், ஆனால் ரேமின் ஒரு பகுதி போர்டோடு சேர்த்து ஒட்டியது, வெளிப் பேட்டரியும் கிடையாது. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம், கவனம். திரையின் அளவைக் காட்டும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையில் 1366 x 768 என்று வந்தால் அந்தத் திரையும் வேண்டாம். நிறம் வெளுத்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் எழுத்தே தெரியாது.

இன்டெல் வைஃபைக்கு மூடிய (மூலநிரல் வெளியிடப்படாத) ஃபர்ம்வேர் வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவு கோப்பிலேயே அது இருப்பதால் இப்போது தலைவலி இல்லை. முழுக்கக் கட்டற்றதாக வேண்டுவோர் ஏஆர்9271 சிப் உள்ள யுஎஸ்பி டாங்கிள் வாங்கலாம். அதன் ஃபர்ம்வேருக்கும் மூலநிரல் திறந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் ஓடும்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் (ibus-m17n) நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். காட்சியில்தான் சிக்கல். பல டெர்மினல்கள் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடுவதால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், "கொடி" படிக்கவே வராது. அது இயந்திரத்தின் குறையல்ல. தமிழ் எழுத்துருக்களுக்கான fonts-taml தொகுப்பைப் போட்டு எம்எல்டெர்ம் (mlterm) என்ற டெர்மினலில் திறந்து பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

எப்போதும் மின்சாரத்தில் மாட்டியே வைப்பவர்கள் மின்சக்தியைக் கவனிக்கும் டிஎல்பி (TLP) நிறுவி, சார்ஜ் 75-இல் தொடங்கி 80-இல் நிற்கும்படி இரண்டு பேட்டரிகளுக்கும் வரம்பு வைத்துவிடுங்கள்.