முட்டித் தேய்மானத்துக்கு ஆன்லைன் எக்சர்சைஸ் பேக்கேஜ் வாங்கப் போறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

18,000 ரூபா. மொத்தமா முன்கூட்டியே கட்டினேன். கிடைச்சது வீங்கின முட்டி. கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. இந்த மாதிரி சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

எனக்கு 57 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், வலதுதான் மோசம். தேஞ்ச குருத்தெலும்பு எக்சர்சைஸால திரும்ப வளராது, ஆனா தொடைத் தசைய பலமாக்கினா வலி குறையும், நடமாட்டம் சுலபமாகும்னு டாக்டர் தெளிவாத்தான் சொன்னாரு, பிசியோதெரபிஸ்ட்கிட்ட போங்கன்னும் சொன்னாரு. நான்தான் அலையணுமேன்னு சோம்பல்பட்டு ஒரு ஆன்லைன் கோச்சிங் ஆப்ல போய் மாட்டினேன்.

ஏன் நம்பினேன்னு கேக்காதீங்க, வீடியோ கால்ல வந்த பையன் அப்படி. எக்ஸ்ரே அனுப்பச் சொன்னான், ஃபோன தரையில சாச்சு வச்சுட்டு நாற்காலில இருந்து நாலு தடவ எந்திரிச்சு உக்காரச் சொன்னான், "மேடம், எந்திரிக்கும்போது வலது கால்ல வெயிட்டே போட மாட்டேங்குறீங்க"ன்னான். உண்மைதான்! கூடவே இருக்கிறவங்க கவனிக்காதத இவன் ஒரு நிமிஷத்துல புடிச்சுட்டானேன்னு அங்கயே விழுந்துட்டேன். உங்களுக்குன்னே தனி ப்ளான்னான். பத்து நிமிஷத்துல 18,000 போயாச்சு.

முதல் வாரம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. முட்டிக்கு அடியில துண்டச் சுருட்டி வச்சு அமுக்குறது, படுத்துக்கிட்டு கால நேரா தூக்குறது. ரெண்டாவது வாரமே அடிவரைக்கும் உக்காந்து எந்திரிக்கிற ஸ்குவாட், ஒரு கால முன்னாடி வச்சு முட்டிய மடக்கி இறங்குற லஞ்சஸ், குதிக்கிறது. முட்டி ஆழமா மடங்க மடங்க முட்டிச்சில்லுக்குப் பின்னாடி அழுத்தம் ஏறும்னு பிசியோ இப்ப சொல்றாங்க, அன்னைக்கு எனக்கு என்ன தெரியும், 12 தடவன்னு போட்டிருந்தா 12 தடவ செஞ்சேன். மூணாம் நாள் காலைல பாத்தா முட்டிச்சில்லுக்குப் பக்கத்துல இருக்குற குழியே காணோம், அப்படியே உப்பிக் கிடக்கு.

மெசேஜ் போட்டேன். "வலி நல்லது மேடம், தசை வேலை செய்யுது." வலி இல்லப்பா வீக்கம்னேன். "டிக்கெட் போட்டிருக்கோம்", அதாவது புகாரப் பதிஞ்சுட்டாங்களாம். அப்புறம் வேற ஒருத்தி, திரும்ப முதல்லருந்து கதை கேட்டா. கடைசில, நீங்க ப்ளான் ஃபைல டவுன்லோட் பண்ணிட்டீங்க, ரீஃபண்ட் கிடையாதாம். சரி அந்த ஃபைல்ல அப்படி என்னதான் இருக்குன்னு முழுசா திறந்து பாத்தா ஆறாவது பக்கத்துல மேல குட்டியா "வயசு 28, குறிக்கோள்: தொப்பை குறைப்பு". எனக்குன்னே போட்ட தனி ப்ளான்! 18,000க்கு! ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, அதோட சரி.

விவரமா எழுதணும்னுதான் இருந்தேன், கடுப்புல எதுவும் வரல. முழுப் பணத்தையும் ஒரே தடவையா கட்டாதீங்க. ப்ளான் போடுறவர் பிசியோ படிச்சவரான்னு கேளுங்க, "சர்டிஃபைட்"னா எதுல சர்டிஃபைட்னு கேளுங்க. செய்யும்போது லேசா வலிச்சா பரவால்ல, மறுநாளைக்குள்ள அடங்கிடணும், வீங்குச்சுன்னா அளவு ஜாஸ்தி, குறைச்சிட்டு கேளுங்க. ஃபைல கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. இப்ப நான் செய்றது நாற்காலில ரெண்டு தலையணை போட்டு உயரமாக்கி எந்திரிச்சு உக்கார்றது, அவ்ளோதான், அதுக்கே கைப்பிடி வேண்டியிருக்கு. மிச்சத்த அப்புறம் எழுதுறேன், ஐஸ் பை உருகிடுச்சு.