ஒரு பிரிண்டர், ஏழு கணினிகள்: பகிர்ந்து அச்சிட எந்த வழி வேகமானது?

சிறிய அலுவலகம் ஒன்றில் பிரிண்டர் மெதுவாக ஓடுகிறது என்றால் பெரும்பாலோர் முதலில் கேபிளை மாற்றுவார்கள். பிறகு கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மாறும். அதிலும் பலன் இல்லையென்றால் புதிய பிரிண்டரே வந்து இறங்கும். மூன்றையும் மாற்றிய பிறகும், பிரிண்ட் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம் என்ற நிலையிலேயே இருந்த அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். பத்துக் கணினிகளுக்கு உட்பட்ட வலையமைப்பில் தாமதம் கம்பியில் இருப்பது அபூர்வம். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையை எந்தப் பெட்டி செய்கிறது, அச்சிடத் தொடங்கும் முன் எது எதனிடம் பதில் கேட்டுக் காத்திருக்கிறது ஆகிய இரண்டையும் பொறுத்தே வேகம் அமைகிறது. ஒரு கணினி வழியாகப் பகிர்வது, பிரிண்டரையே வலையமைப்பில் இணைப்பது, தனி அச்சு சேவையகம் வைப்பது என்று நம் முன் உள்ள வழிகளை ஒப்பிட இந்த இரண்டு கேள்விகளையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

நான் பார்த்துக்கொடுத்த ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஏழு கணினிகள் இருந்தன. வரவேற்பு மேசையில் இருந்த பழைய கணினியில் ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, விண்டோஸின் பகிர்வு வசதி மூலம் மற்ற ஆறு பேருக்கும் கொடுத்திருந்தார்கள். ஜூலைக் கடைசியில், வருமான வரிப் படிவங்கள் குவியும் வாரத்தில், எல்லோரும் 'ஸ்லோ' என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். அருகில் நின்று பார்த்தபோது அது இரண்டு வெவ்வேறு நோய்களாகத் தெரிந்தது. எக்செலிலும் வேர்டிலும் வேலை செய்தவர்களுக்கு அச்சுச் சாளரம் திறக்கவே அரை நிமிடம் ஆனது. திறந்த பிறகு தாள்கள் மளமளவென்று வந்தன. பிடிஎஃப் அச்சிட்டவர்களுக்கோ சாளரம் உடனே திறந்தது. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பிரிண்டர் நின்று நின்று ஓடியது. முன்னது பதிலுக்குக் காத்திருப்பதால் வரும் தாமதம்; பின்னது தரவின் கனத்தால் வரும் தாமதம்.

எந்த வழிக்கு மாறலாம் என்று யோசிக்கும் முன் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும். பிரிண்டர் நேராக இணைந்துள்ள கணினியிலேயே அதே கோப்பை அச்சிட்டுப் பாருங்கள். அங்கும் மெதுவென்றால் வலையமைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு வேறொரு கணினியில் நோட்பேடைத் திறந்து நாலு வரி தட்டி அச்சிடுங்கள். அது உடனே வந்து, பிடிஎஃப் மட்டும் தவழ்ந்தால் சிக்கல் கோப்பிலோ, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரிலோ இருக்கிறது. அச்சு வரிசைச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிலையையும் அளவையும் கவனிப்பது இன்னும் தெளிவு தரும். இரண்டு எம்பிகூட இல்லாத ஒரு பிடிஎஃப், 'ஸ்பூலிங்' (அச்சுத் தரவு வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கிறது) என்ற நிலையிலேயே இருந்துகொண்டு 20, 45, 80 எம்பி என்று ஊதிக்கொண்டே போனதை அந்த அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.

அது ஏன் ஊதுகிறது என்பது எளிய கணக்கு. அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் அச்சிடும்போது ஓர் ஏ4 பக்கத்தில் அகலவாக்கில் 4,960, உயரவாக்கில் 7,016 என ஏறத்தாழ 3.48 கோடிப் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு ஒரு பிட் என்றால் அழுத்தாத நிலையில் அது 4.35 எம்பி, அதே பக்கத்தைப் புள்ளிக்கு 24 பிட் வண்ணப் படமாக அனுப்பினால் 104 எம்பி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) சுவிட்ச் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் கடத்தும் என்பதால், அந்த ஒரு பக்கம் கடந்து போகவே எட்டு நொடிக்கு மேல் பிடிக்கும். டிரைவர்கள் தரவை அழுத்தித்தான் அனுப்புகின்றன. எழுத்து மட்டும் உள்ள பக்கம் அதில் வெகுவாகச் சுருங்கிவிடும், ஸ்கேன் செய்த பக்கம் அவ்வளவாகச் சுருங்காது. இங்கே தமிழ் அலுவலகங்களுக்கே உரிய ஒரு வினையும் சேர்ந்துகொள்கிறது. எழுத்துரு உட்பொதிக்கப்படாத, அதாவது கோப்புக்குள்ளேயே சேர்க்கப்படாத, தமிழ் பிடிஎஃப் அச்சில் கட்டம் கட்டமாக விழுவதால், அடோபி ரீடரில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுப்பதையே ஊழியர்கள் பழக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் எழுத்தும் படமாகிவிடும். எழுத்துருவை உட்பொதித்து பிடிஎஃப் உருவாக்கினால் அதற்குத் தேவையே இராது. தவிர்க்க முடியாதபோது தெளிவை 600இலிருந்து 300 புள்ளியாகக் குறைத்தால் தரவு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

கணினி வழியாகப் பகிர்வது

கேனான் எல்பிபி 2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை நம் ஊர் அலுவலகங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டர்கள். இவற்றுக்கு வலையமைப்புத் துளை கிடையாது. பக்கத்தைத் தாமே வரையும் திறனும் கிடையாது. உள்ளே இருக்கும் நினைவகம் 2 எம்பிதான். இணைந்திருக்கும் கணினிதான் பக்கத்தை முழுதாகத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஆகவே இவற்றை வைத்திருப்பவர்களுக்குக் கணினி வழியாகப் பகிர்வதே இயல்பான வழி. எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் முன்னது நிமிடத்துக்கு 12 பக்கமும் பின்னது 14 பக்கமும்தான் அச்சிடும் என்பதை மறந்துவிட்டு அதற்கு மேல் எதிர்பார்ப்பது, சைக்கிளை மிதித்துக்கொண்டு பைக்கோடு போட்டியிடுவது போன்றது.

இந்த வழியின் வேகம் முழுக்க முழுக்க இடையில் உள்ள அந்தக் கணினியைப் பொறுத்தது. அது தூங்கிவிட்டால் ஆறு பேரும் காத்திருக்க வேண்டும். அதன் சி டிரைவ் நிரம்பிவிட்டால், அச்சுப்பணிகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலர் திணறும். நின்றுபோன பழைய அச்சுப்பணி ஒன்று வரிசையின் தலையில் இருந்தால் பின்னால் உள்ள அனைத்தும் தேங்கும். பகிர்வுப் பண்புகளில் 'ரெண்டர் பிரிண்ட் ஜாப்ஸ் ஆன் கிளையன்ட் கம்ப்யூட்டர்ஸ்' என்று ஒரு சிறிய கட்டம் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதில் டிக் இருந்தால் ஒவ்வொரு கணினியும் தன் பக்கத்தைத் தானே தயாரித்து, கனமான தரவாக அனுப்பும். டிக் இல்லையென்றால் பக்கத்தை எப்படி வரைவது என்ற இலேசான குறிப்புகள் மட்டும் போய், தயாரிப்பு வேலை முழுவதும் நடுக்கணினியின் தலையில் விழும். நடுக்கணினி பழையது, மற்றவை கேபிளில் இருக்கின்றன என்றால் டிக் வேண்டும். நடுக்கணினி வலுவானது, மற்றவை வைஃபையில் இருக்கின்றன என்றால் டிக்கை எடுப்பது நல்லது. நான் சொன்ன அலுவலகத்தில் இருந்த ஏழு கணினிகளில் மிகப் பழையதே வரவேற்பு மேசைக் கணினி. யாரோ ஒருவர் எதையோ சரிசெய்யப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தார்.

அச்சுச் சாளரம் திறக்க ஆன அரை நிமிடத்துக்குக் காரணம் வேறு. எக்செலும் வேர்டும் பக்க அமைப்பைக் கணக்கிட இயல்புநிலைப் பிரிண்டரின் டிரைவரைக் கேட்கும். அந்தப் பிரிண்டர் தூங்கும் கணினி ஒன்றின் பின்னால் இருந்தால் பதில் வரும்வரை நிரல் உறைந்து நிற்கும். இயல்புநிலையாக 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் லேசரைத் தேர்ந்தெடுத்தால் இந்த உறைதல் பெருமளவு நின்றுவிடுகிறது. இயல்புநிலையை விண்டோஸே மாற்றிக்கொள்ளும் விருப்பத்தையும் அணைத்துவைக்க வேண்டும்.

இந்த வழியின் மீது எனக்கு இருக்கும் பெரிய குறை வேகம் சார்ந்தது அல்ல. 2021 ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஸ்பூலர் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு மைக்ரோசாஃப்ட் அடுத்தடுத்துக் கதவுகளை இறுக்கியது. ஆகஸ்டில், பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயமானது. செப்டம்பரில், 11பி என முடியும் பிழை எண் பல அலுவலகங்களில் தலைகாட்டியது. அதற்கு விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியில் பாதுகாப்பையே அணைத்துவிடும் குறுக்குவழியைப் பலர் செய்துவைத்திருக்கிறார்கள்; அது பூட்டு இறுகுகிறது என்று கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். எல்லாக் கணினிகளையும் ஒரே புதுப்பித்தல் நிலைக்குக் கொண்டுவருவதே சரியான மருந்து. அதுவரை, டிரைவரை ஒவ்வொரு கணினியிலும் தனியாக நிறுவி, 'லோக்கல் போர்ட்' (போர்ட் என்பது பிரிண்டருக்குத் தரவு போகும் வாசல்) ஒன்றில் பகிர்வுப் பாதையைத் தட்டச்சு செய்து இணைத்தால் வேலை நடக்கும். அமைப்புகள் உள்ளூரிலேயே இருப்பதால் அச்சுச் சாளரமும் விரைவாகத் திறக்கும்.

பிரிண்டரையே வலையமைப்பில் இணைப்பது

பிரிண்டரில் ஈதர்நெட் துளை இருந்தும் அதை யுஎஸ்பியில் மாட்டிப் பகிர்ந்துகொண்டிருக்கும் அலுவலகங்களைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கும். கேபிளை நேராகச் சுவிட்சில் செருகிவிட்டால் நடுக்கணினி என்ற தரகரே தேவையில்லை. ஒவ்வொரு கணினியும் தன் பக்கத்தைத் தயாரித்துத் தானே அனுப்பிக்கொள்ளும். பத்துப் பேர் வரை உள்ள இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பதே என் முடிவு.

ஆனால் இதற்குள்ளேயே ஒரு போட்டி இருக்கிறது. பிரிண்டரைச் சேர்க்கச் சொன்னால் விண்டோஸ் பல நேரங்களில் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டைத் தானாகவே தேர்ந்துவிடும். பிரிண்டரின் ஐபி முகவரி மாறினாலும் தேடிக் கண்டுபிடித்துவிடும் என்பது அதன் வசதி. அந்தத் தேடல் வலையமைப்பு முழுவதற்கும் குரல் கொடுத்துப் பதில் கேட்கும் முறையில் நடப்பதால், ரவுட்டர் அந்தக் குரலைக் கடத்தாவிட்டாலோ, உறக்கத்தில் இருக்கும் பிரிண்டர் பதில் சொல்லாவிட்டாலோ, பச்சை விளக்கு எரியும் பிரிண்டரையே 'ஆஃப்லைன்' என்று காட்டிக்கொண்டிருக்கும். 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' அப்படித் தேடுவதில்லை. சொன்ன முகவரிக்கு, 9100ஆம் போர்ட்டுக்கு, நேராகத் தரவை அனுப்பிவிடுகிறது. அதற்கு ஈடாக நாம் செய்ய வேண்டியது, பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குவது மட்டுமே. ரவுட்டர் மற்றக் கருவிகளுக்கு 192.168.1.100 முதல் முகவரிகளைப் பங்கிட்டால் பிரிண்டருக்கு 192.168.1.50 கொடுக்கலாம்.

டிசிபி/ஐபி போர்ட்டிலும் ஒரு முள் உண்டு. போர்ட்டின் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்ற விருப்பம் இருந்தால், விண்டோஸ் பிரிண்டரின் நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். பிரிண்டர் அதற்குப் பதில் தராத வகையாக இருந்தால் வரிசை தேங்கும், அல்லது பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டும். அந்த டிக்கை எடுத்துவிட்டால், மை தீர்ந்தது போன்ற செய்திகள் திரையில் வராமல் போகலாமே தவிர அச்சு தடைபடாது. எல்பிஆர் என்ற பழைய முறையைத் தேர்ந்திருந்தால், பைட்டுகளை எண்ணிவிட்டு அனுப்பும் விருப்பத்தை அணைக்க வேண்டும். பெரிய கோப்புகளில் அது முழுவதையும் எண்ணி முடிக்கும்வரை முதல் பக்கமே நகராது.

ஐபிபி என்ற அச்சு முறை 631ஆம் போர்ட்டில் இயங்குவது. ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட்டுக்கும் அதுவே அடிப்படை. தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாமலேயே அச்சிடலாம் என்பதால், செல்பேசியிலிருந்தும் மேக் கணினியிலிருந்தும் பிரிண்ட் கொடுப்பவர்கள் உள்ள அலுவலகத்துக்கு இது ஏற்றது. விண்டோஸும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. புதிதாகப் பிரிண்டர் வாங்குபவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. இருக்கும் பிரிண்டரில் 9100 நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் வேகத்துக்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

இணைப்பது வைஃபையிலா கேபிளிலா என்றால், கேபிள் எட்டும் தூரத்தில் இருக்கும் பிரிண்டருக்கு வைஃபை கொடுப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. வைஃபை பிரிண்டர்கள் பலவும் 2.4 ஜிகாஹெர்ட்சில் மட்டுமே பேசக்கூடியவை. பக்கத்துக் கடைகளின் ரவுட்டர்கள் அத்தனையும் நெரிவது அதே அலைவரிசையில்தான்.

தனி சேவையகமும் ரவுட்டர் யுஎஸ்பியும்

ராஸ்பெரி பை போன்ற சிறிய பெட்டியில் லினக்ஸும், அதன் அச்சு மென்பொருளான கப்ஸும் நிறுவி, யுஎஸ்பி பிரிண்டரை அதில் மாட்டுவது அழகான தீர்வு. மின்சாரம் மிகக் குறைவு. நாள் முழுதும் விழித்திருக்கும். வரிசை ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் டிரைவர் கிடைத்தால்தான் இந்த அழகு. லேசர்ஜெட் 1020க்குத் திறமூல டிரைவர் இருக்கிறது. எல்பிபி 2900க்குக் கேனான் தரும் லினக்ஸ் டிரைவரோ இன்டெல் வகைச் செயலிகளுக்கானது, ராஸ்பெரி பையில் நேரடியாக ஓடாது. பெட்டியை வாங்கிவந்து மேசையில் வைத்த பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன்.

ரவுட்டரின் பின்புறத்தில் உள்ள யுஎஸ்பி துளையில் பிரிண்டரை மாட்டுவதும், கடைகளில் கிடைக்கும் சிறிய பிரிண்ட் சர்வர் பெட்டிகளும், கணினியையே நம்பியிருக்கும் மலிவுப் பிரிண்டர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போனாலும் சிலவற்றில் ஒரு நேரத்தில் ஒருவரே இணைய முடியும். ஏழு பேர் உள்ள இடத்தில் அதற்காகப் பணம் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

அந்தத் தணிக்கையாளர் அலுவலகத்தில் அன்று ஒரு பொருளும் வாங்கவில்லை. வரவேற்புக் கணினியின் உறக்கத்தை அணைத்தோம், டிக்கைத் திரும்பப் போட்டோம், ஆறு கணினிகளிலும் இயல்புநிலைப் பிரிண்டரை மாற்றினோம், படமாக அச்சிட நேர்ந்தால் 300 புள்ளி போதும் என்று சொல்லிக்கொடுத்தோம். ஜூலை அப்படியே ஓடியது. செப்டம்பரில், தணிக்கை அறிக்கைகளின் நெருக்கடிக்கு முன்பாக, ஈதர்நெட் உள்ள இருபக்க லேசர் ஒன்றை வாங்கி 9100ஆம் போர்ட்டில் இணைத்தார்கள். அதன் நெற்றியில் ஐபி முகவரியை மார்க்கரால் எழுதிச் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. பழையது வரவேற்பு மேசையிலேயே, ரசீது அடிப்பதற்காக, பகிரப்படாமல் இருக்கிறது.