நிறுத்தின எஸ்யூவி மூணு: ஈகோஸ்போர்ட், டஸ்டர், எக்ஸ்யூவி500, எது நம்ம மலைக்கு ஆகும்?

மச்சான் செகண்ட் ஹேண்ட்ல எஸ்யூவி தேடிட்டு இருக்கான், கையில இருக்கற காசுக்கு கண்ணுல படறது எல்லாமே கம்பெனி நிறுத்தின மாடல்தான். "நிறுத்திட்டாங்களே, வேண்டாம்டா"ன்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. ஆனா நின்னுபோச்சுன்னு மூணையும் ஒரே கணக்குல சேக்கறது தப்புங்க, ஒவ்வொண்ணும் நின்ன விதம் வேற.

ஈகோஸ்போர்ட்ட எடுத்துக்குவோம். கோத்தகிரி ரோட்டுக்கு இத விட தோதான வண்டி கெடைக்காது, நாலு மீட்டருக்குள்ள நீளம், கொண்டை ஊசி வளைவுல ஒரே ஒடிப்புல திரும்பிரும், எஸ்டேட் ரோட்டுல எதிர்ல ஜீப் வந்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். ஆனா இங்க நின்னது மாடல் மட்டும் இல்ல, 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பையே நிறுத்தறோம்னு அறிவிச்சிட்டாங்க. சர்வீசும் ஸ்பேரும் தொடரும்னு சொன்னாங்க, தொடரவும் செய்யுது, ஆனா புது வண்டி விக்காம சர்வீஸ மட்டும் நம்பி ஒரு டீலர் எத்தனை வருஷம் வாடகை கட்டுவாரு சொல்லுங்க.

டஸ்டர் கதை வேற. 2012ல வந்துச்சு, 2022ல நின்னுச்சு, ஆனா ரெனோ இங்கதான் இருக்காங்க. அத விட முக்கியம் அந்த 1.5 டீசல் இன்ஜின், டெரானோ, சன்னி, மைக்ரா, லோகன், வெரிட்டோ எல்லாத்துலயும் அதே குடும்பம்தான் ஓடுச்சு, அதனால இன்ஜின் கை வெச்சு பழகின மெக்கானிக் ஊருக்கு ஒருத்தராவது இருப்பாரு. நாலு சக்கரமும் இன்ஜின் இழுவைல ஓடற ஆல் வீல் டிரைவ் மட்டும் யோசிச்சு எடுங்க, பின்னாடி டிரைவ் சாமான் அவ்வளவு பேர்கிட்ட இருக்காது.

எக்ஸ்யூவி500 நின்னது 2021ல, எக்ஸ்யூவி700 அந்த இடத்துக்கு வந்ததால. மஹிந்திரா சர்வீஸ் எங்கயும் உண்டு, பயப்பட ஒண்ணுமில்ல. ஏழு பேர் போகணும்னா இதுதான், ஆனா நாலரை மீட்டர் தாண்டின வண்டி, சந்துல வீடு இருந்தா தினமும் ரிவர்ஸ் எடுத்தே கழுத்து வலிக்கும்.

மலையில சீக்கிரம் தேயறது கிளட்ச், பிரேக் பேட், சஸ்பென்ஷன்ல இருக்கற ரப்பர் புஷ். இதெல்லாம் மூணு வண்டிக்கும் வெளிக் கடையிலயே வாங்கிக்கலாம். மாட்டிக்கறது பாடி சாமான்லதான். எங்க சித்தப்பா வண்டியும் நிறுத்தின மாடல்தான், பேரு வேண்டாம், போன மழைக்காலத்துல ராத்திரி கோத்தகிரி கிட்ட கட்டபெட்டு பக்கம் தேயிலை தோட்டத்துல இருந்து காட்டுமாடு ஒண்ணு குதிச்சு வலது பக்கம் இடிச்சிட்டு அது பாட்டுக்கு போயிருச்சு, ஹெட்லைட் நொறுங்கி பல்பு ஒயர்ல தொங்குது. மெக்கானிக் அண்ணன் பாலிதீன் கவரை வெட்டி பிரவுன் டேப் சுத்தி விட்டாரு, ஆர்டர் போட்டு மூணு மாசம் அப்படியே ஓட்டினோம், பனி இறங்கினா கவருக்குள்ள தண்ணி கோத்துகிட்டு ரோடு மங்கலாத்தான் தெரியும். கடைசியில கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடையில அடிபட்ட வண்டில கழட்டின ஹெட்லைட் கெடைச்சுது.

இன்சூரன்ஸ்லயும் ஒண்ணு கவனிக்கணும். அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கும், தயாரிப்பு நிறுத்தின மாடலுக்கும் ஐடிவி, அதாவது பாலிசில வண்டிக்கு போடற மதிப்பு, வழக்கமான தேய்மான பட்டியல் படி வராது, இன்சூரன்ஸ் கம்பெனியும் நாமளும் பேசி முடிவு பண்றதுதான், அவங்க போடற தொகைக்கு அப்படியே கையெழுத்து போட்றாதீங்க, அந்த மாடல் இப்ப என்ன விலைக்கு போகுதுன்னு பாத்து கேளுங்க.

என்னைக் கேட்டா மச்சானுக்கு டஸ்டர் டீசல், ஆல் வீல் இல்லாதது. ஈகோஸ்போர்ட் நல்லா விலை எறங்கி வந்தா மட்டும் பாக்கலாம், அதுவும் ஒரு ஜோடி ஹெட்லைட்ட முன்னாடியே வாங்கி பரண்ல வெச்சுக்கறதா இருந்தா.

ஞாயித்துக்கிழமை மேட்டுப்பாளையத்துல ஒரு டஸ்டர் பாக்க எறங்கறோம். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பரை வாங்கி ஸ்பேர் கவுன்ட்டருக்கு போன் போட்டு வலது ஹெட்லைட் என்ன விலை, எத்தனை நாள்ல வரும்னு கேக்க சொல்லியிருக்கேன்.