ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச்: தினமும் சாவி கொடுக்க வேண்டிய வாட்சுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்?

ஸ்விஸ் ஆடம்பர வாட்ச் என்றதும் தங்கமும் வைரமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வழக்கமான ஸ்டீல் மூன்வாட்சில் இரண்டும் இல்லை. ஸ்டீல் கேஸ், கறுப்பு டயல், வெள்ளை முட்கள், அவ்வளவுதான். தேதி காட்டாது, கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கும் இல்லை. ஆனாலும், ஸ்விஸ் வாட்ச் தொழிலின் கெட்டிக்காரத்தனம் எதில் இருக்கிறது என்று ஒரே ஒரு வாட்சை வைத்துச் சொல்லச் சொன்னால் இதைத்தான் எடுத்துக் காட்டுவோம். வெளித்தோற்றத்தை 1960களில் இருந்தது போலவே ஏறக்குறைய வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாக மாற்றி வந்திருக்கிறார்கள். இங்கே பேசுவது 2021 ஜனவரியில் வந்த, 3861 காலிபர் (உள்ளே ஓடும் இயந்திரம்) பொருத்திய மாடலைப் பற்றி.

ஒமேகாவின் நிறுவனர் லூயி பிராண்ட் 1848இல் ஸ்விட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் ஊரில் பட்டறை தொடங்கியபோது, ஜூரா மலைப்பகுதியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒருவர் பற்சக்கரம், இன்னொருவர் முள், வேறொருவர் டயல். அவற்றை வாங்கிச் சேர்த்து, ஓடவைத்து, நேரம் திருத்தி விற்பது அவர் வேலை. ஒருவரின் இயந்திரத்தை இன்னொருவர் வாங்கி மெருகேற்றுவது அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. 1957இல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டருக்குள் இருந்த 321 காலிபரும் லெமானியா நிறுவனத்தில் உருவானதுதான். 1968இல் அதன் இடத்துக்கு 861 வந்தது. க்ரோனோகிராஃபை (பட்டனை அழுத்தி நேரம் அளக்கும் அமைப்பை) ஓட்டி நிறுத்தும் தூண் சக்கரத்துக்குப் பதில் கேம் என்ற எளிய தகடு வைத்ததால் தயாரிப்பதும் பழுது பார்ப்பதும் எளிதாயின. மணிக்கு 18,000 ஆக இருந்த துடிப்பு (நேரத்தைப் பிரிக்கும் பேலன்ஸ் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும் எண்ணிக்கை) 21,600 ஆனது. அதன் வழிவந்த 1861க்கு அடுத்ததுதான் இன்றைய 3861.

இனி பட்டனுக்கு வருவோம். மேல் பட்டனை அழுத்தினால் முதலில் ஒரு கெட்டியான எதிர்ப்பு, பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்து நடு நொடிமுள் ஓடத் தொடங்கும். அந்த நொடியில் முள் சில சமயம் கால் நொடி அளவுக்குத் துள்ளும். இது பழுதல்ல. சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரத்தை ஒரு நெம்புகோல் பக்கவாட்டில் தள்ளி, நின்றுகொண்டிருக்கும் க்ரோனோகிராஃப் சக்கரத்தோடு சேர்க்கிறது. பல்லும் பல்லும் முனையோடு முனை இடித்தால் ஒன்று விலகிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த விலகல்தான் துள்ளலாகத் தெரிகிறது. பல்லோடு பல் சேர்க்காமல் மேலிருந்து அழுத்திச் சேர்க்கும் செங்குத்துக் கிளட்ச் உள்ள வாட்சுகளில் இந்தத் துள்ளல் இருக்காது. ஆனால் அங்கே எல்லாம் மறைந்துகிடக்கும். இங்கே பின்பக்கக் கண்ணாடி உள்ள மாடலை வாங்கினால், பட்டனை அழுத்தும்போது ஒவ்வொரு நெம்புகோலும் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதே காரணத்தால், க்ரோனோகிராஃபை நாள் முழுக்க ஓடவிட்டு அதையே நொடிமுள்ளாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் அல்ல. கூடுதல் சக்கரங்களைச் சுழற்றுவதால் பேலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சு குறையும், சாவியும் சீக்கிரம் தீரும். நொடி பார்க்க 9 மணிப் பக்கத்துச் சின்ன டயல் இருக்கிறது. முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பட்டனைத் தொடவே வேண்டாம்: மேல் பட்டனால் நிறுத்திவிட்டு, பிறகுதான் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

டயல் ஓரத்தில் ஒரு நொடி மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மணிக்கு 21,600 துடிப்பு என்றால் நொடிக்கு 6. ஆகவே ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சரியாக இரண்டு துடிப்பு. அளக்க முடிந்ததை மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே எங்களுக்கு இந்த டயல் பிடிக்கும். டயலைச் சுற்றிய வளையமான பெசலில் உள்ள டாக்கிமீட்டர் என்ற வேக அளவும் உண்மையிலேயே உதவும். ஒரு கிலோமீட்டர் கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். முள் 45 நொடியில் நின்றால் எதிரே 80 என்று இருக்கும். அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. அளவு 60இல் முடிந்துவிடுவதால் அதற்கும் மெதுவான வேகத்துக்கு இது பயன்படாது.

3861இன் உண்மையான முன்னேற்றம் எஸ்கேப்மெண்டில், அதாவது வில்லின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பாகத்தில் இருக்கிறது. வழக்கமான ஸ்விஸ் லீவர் அமைப்பில், சக்கரத்தின் பல் மாணிக்கக் கல்லின் மேல் வழுக்கியபடியே தள்ளுகிறது. அங்கே உள்ள எண்ணெய் கெட்டியானால் வீச்சு குறையும், நேரம் தடுமாறும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் அமைப்பில் வழுக்கல் மிகக் குறைவு, தள்ளல்தான் பிரதானம். ஒமேகா 1999இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதோடு சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங்கும் (பேலன்ஸ் சக்கரத்தை ஆடவைக்கும் மெல்லிய சுருள்வில்) சேர்ந்ததால் காந்தம் பற்றிய கவலையே போயிற்று. சாதாரண ஹேர்ஸ்பிரிங் கைப்பை மூடியின் காந்தத்திலோ ஸ்பீக்கர் அருகிலோ மாட்டினால், சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் தாறுமாறாக வேகமெடுக்கும். மூன்வாட்ச் 15,000 காஸ் காந்தப்புலம் வரை தாங்கும் என்று சோதித்த பிறகே வெளியே வருகிறது.

சோதனைகள் இரண்டு கட்டம். முதலில், கேஸில் போடாத இயந்திரத்தை மட்டும், துல்லியத்துக்குச் சான்று தரும் ஸ்விஸ் அமைப்பான காஸ்க் (COSC) 15 நாள், ஐந்து நிலைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் வைத்துப் பார்க்கும். சராசரியாக ஒரு நாளைக்கு 4 நொடி பின்தங்கலாம் அல்லது 6 நொடி முந்தலாம். அதன்பின் முழு வாட்சையும் ஸ்விஸ் அரசின் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் வகுத்த விதிகளின்படி சோதிக்கிறார்கள். அங்கே 0 முதல் 5 நொடி வரை முந்தலாம், பின்தங்கக் கூடாது. வாங்கியபின் தினமும் 8 நொடி பின்தங்குகிறது என்றால், 'மெக்கானிக்கல் வாட்ச் அப்படித்தான்' என்ற சமாதானத்தை ஏற்க வேண்டியதில்லை. ஐந்தாண்டு வாரண்டி இருக்கிறது, கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கண்ணாடி விஷயத்தில் தெளிவாக ஒரு பக்கம் நிற்கிறோம்: ஹெசலைட்டையே வாங்குங்கள். அது ஒருவகை அக்ரிலிக். கீறல் விழும், ஆனால் சில்லு சில்லாகச் சிதறாது. விண்கலத்துக்குள் கண்ணாடித் துகள் மிதக்கக்கூடாது என்பதால் அந்தக் குணம் அங்கே முக்கியம். 1965 மார்ச்சில் நாசா இந்த வாட்சைத் தேர்ந்தெடுக்குமுன் 71 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம், பிறகு 93 டிகிரியில் அரை மணி நேரம் என்று வாட்டி எடுத்தார்கள். 1970இல் நிலவை நோக்கிப் போன அப்போலோ 13 விண்கலம் பழுதானபோது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 நொடி எரித்ததற்கு நேரம் பார்த்ததும் ஸ்பீட்மாஸ்டரில்தான். அன்றாடத்தில் ஹெசலைட்டின் சௌகரியம் வேறு: பாலிவாட்ச் பசையைத் துளி வைத்து, பருத்தித் துணியால் சில நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் மேலோட்டமான கீறல் மறைந்துவிடும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் போகாது. சஃபையர் மாடலில் எளிதில் கீறல் விழாது, ஆனால் கண்ணாடி ஓரத்தில் பால் நிறத்தில் ஒரு வளையம் தெரியும், விலையும் கூடும். அலுமினிய பெசல் இரண்டிலுமே கீறல் வாங்கும், அதைத் தேய்த்து எடுக்க வழியில்லை.

சாவி கொடுக்கும்போது வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டியபடியே திருகினால் கிரவுன் எனும் சாவித் திருகின் தண்டு ஒருபக்கமாக இழுபட்டுத் தேயும். கேஸின் வலப்பக்கம் புடைத்து கிரவுனைக் காப்பதால் விரலுக்குப் பிடி குறைவு. இது வடிவமைப்பிலேயே உள்ள குறை, பழகிக்கொள்ள வேண்டியதுதான். கெட்டியாகத் தடுக்கும்வரை திருகி, அங்கே நிறுத்திவிடுங்கள். முழுச் சாவிக்கு 50 மணி நேரம் ஓடும். ஆனாலும் தினமும் ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் வில்லின் விசை சீராக இருந்து நேரமும் சீராக இருக்கும்.

அகலம் 42 மி.மீ. என்றாலும் செயின் மாட்டும் காதுக்குக் காது 48 மி.மீ.க்குள் அடங்குவதால் சிறிய மணிக்கட்டிலும் உட்காரும். ஸ்டீல் செயின் 20 மி.மீ.யில் தொடங்கி 15 மி.மீ.யாகக் குறுகி வருவது கைக்கு இதம். 2021இல் வந்த செயினின் பக்கிளில் நீளத்தை நுண்சரிசெய்ய இரண்டே நிலைகள்தான், அதற்கும் கருவி வேண்டும். வெயிலில் மணிக்கட்டு வீங்கும்போது இது எரிச்சல் தரும். இந்த விலைக்கு இப்படி விட்டிருக்கக் கூடாது. 50 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி நீந்த வேண்டாம்: மழைக்கும் கை கழுவவும் போதும், தண்ணீருக்குள் பட்டனை அழுத்தவே கூடாது.

மெருகு பற்றியும் சொல்லிவிட வேண்டும். இயந்திரத்தைத் தாங்கும் பிரிட்ஜ் தகடுகளில் உள்ள ஜெனீவா வரிகள் எனும் அலங்காரக் கோடுகள் சுத்தமாக இருந்தாலும் அவை இயந்திர வேலை. கைவினைஞர் மரக்குச்சியும் பசையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவரும் கூர்மையான உள்மூலைகளை இதில் தேடாதீர்கள். அது வேண்டுமென்றால் ஜெனீவா முத்திரை பெற்ற வாட்சுகளின் பக்கம் போக வேண்டும், விலையும் பல மடங்காகும்.

சர்வீஸ் 5 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறை. சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங்கை பழைய எஃகு வில் போல இடுக்கியால் வளைத்துத் திருத்த முடியாது. கோ-ஆக்சியல் சக்கரத்துக்கு எண்ணெய் வைக்கவும் தனிப் பயிற்சி வேண்டும். ஆகவே அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம்தான் வழி, அந்தச் செலவையும் வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வாட்ச் வாங்குபவர்கள் கடையிலேயே க்ரோனோகிராஃபை ஓடவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். 3 மணிப் பக்கத்து முள் 30 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறதா, 6 மணிப் பக்கத்து முள் கூடவே நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திக் கீழ்ப் பட்டனை அழுத்தினால் மூன்று முட்களும் கோட்டின் மேலேயே வந்து நிற்க வேண்டும். ஒரு முள் தள்ளி நின்றாலும் சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இந்த மாடல் தாராளமாகக் கிடைக்கும்.