எல்.இ.டி. விளக்குகளுடன் சில வருடங்கள்: எங்கள் மீட்டர் சொன்ன கணக்கு

வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக எல்.இ.டி.க்கு மாற்றி முடித்துச் சில வருடங்கள் ஆகின்றன. "கரன்ட் பில் நிஜமாவே குறைஞ்சுதா?" என்று உறவில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குறைந்தது. ஆனால் எந்த விளக்கை மாற்றினோம் என்பதைப் பொறுத்துத்தான் குறைந்தது. முதலில் மாற்ற வேண்டியவை அதிக நேரம் எரியும் விளக்குகள்.

எங்கள் வீட்டில் இதற்கு நல்ல உதாரணம் வாசல் விளக்கு. 40 வாட் குண்டு பல்பு, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை எரியும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று வைத்தால், பில் வரும் 2 மாதத்தில் அந்த ஒரு பல்புக்கே கிட்டத்தட்ட 29 யூனிட் (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). அந்த இடத்தில் 5 வாட் எல்.இ.டி. போட்டதும் 4 யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது. குளியலறையிலும் அதே 40 வாட் பல்புதான் இருந்தது. அங்கே நாளுக்கு ஒரு மணி நேரம்தான் எரியும் என்பதால், மாற்றியதில் மிச்சம் 2 யூனிட்.

இன்னொன்று, ஜீரோ வாட்ஸ் பல்பு. பெயரை நம்பி ராத்திரி முழுக்க எரிய விடுகிறோம், ஆனால் அந்தப் பழைய சின்ன பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். இரண்டு படுக்கையறையில் இரவெல்லாம் எரிந்தால் 2 மாதத்துக்கு 16 யூனிட் வரை போய்விடும். இப்போது கிடைக்கும் அரை வாட் எல்.இ.டி. விடிவிளக்கு இரண்டும் சேர்ந்து ஒரு யூனிட்கூட எடுப்பதில்லை. விலையும் குறைவு. வீட்டில் எதையாவது ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் பெட்டியில் அச்சிட்ட வாட்டை வைத்து மட்டும் சொல்லவில்லை. ஈ.பி. மீட்டரில் சிவப்பாக மினுக்கும் சின்ன விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், எங்களுடையதில் 3200. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோதிக்க வேண்டிய ஒன்றை மட்டும் போட்டு, இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை விநாடி என்று செல்போனில் பார்க்கலாம். 36 லட்சத்தை 3200-ஆல் வகுத்தால் 1125; அதை அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். பழைய கனமான சோக் வைத்த 40 வாட் டியூப்லைட் 22 விநாடிக்கு ஒருமுறை மினுக்கியது, அதாவது 50 வாட்டுக்கு மேல். சோக் தன் பங்குக்குத் தனியாகத் தின்கிறது. அந்த இடத்தில் வந்த 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்குக்கு 56 விநாடி. வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் செய்து பாருங்கள். யூனிட் என்றால் என்ன என்பது அவர்களுக்கு அன்றைக்கே பிடிபட்டுவிடும்.

யூனிட் எவ்வளவு மிச்சம் என்பதைவிட, அது கட்டணத்தின் எந்தப் படியில் (ஸ்லாப்) மிச்சமாகிறது என்பதுதான் பணமாக மாறுகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை சலுகை விலையாக யூனிட்டுக்கு 2.25 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய், அதே 100 யூனிட்டுக்கும் 4.50 ரூபாய் போட்டார்கள். ஆக, 501-வது யூனிட் தன் விலையான 8 ரூபாயோடு 225 ரூபாயையும் சேர்த்து இழுத்துவந்தது. பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, இப்போதைய கணக்கை உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் 500-ஐ ஒட்டி நிற்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு வாசல் விளக்கும் விடிவிளக்கும் மிச்சப்படுத்தும் 40 யூனிட் பெரிய காரியம். இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிகிற வீட்டில் பில்லில் எந்த வித்தியாசமும் தெரியாது.

இனி குறைகள். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தாலும், மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போட்ட பல்புகள் எங்களுக்குச் சீக்கிரமே போயின. பெரும்பாலும் முதலில் சாவது வெளிச்சம் தரும் சில்லு அல்ல, அடிப்பாகத்தில் இருந்து சில்லுக்கு ஏற்றபடி கரன்ட்டை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அது தாங்காது. திறந்த ஹோல்டரில் போட்டவை இன்னும் எரிகின்றன. வாங்கும்போது கடைக்காரரிடம் பல்பின் மேலேயே தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

மாடி அறையில் சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். சுவிட்ச், கரன்ட் வரும் ஃபேஸ் ஒயரில் இல்லாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் இருந்தது. குண்டு பல்பு இருந்த காலத்தில் வெளியே தெரியாத கோளாறு. அணைத்தாலும் ஹோல்டரில் கரன்ட் இருக்கும் என்பதால் ஆபத்தானது, உடனே மாற்றிவிட்டோம்.

வெளிச்சத்தின் நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். அதைப் பெட்டியில் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள். எல்லா அறைக்கும் லேசாக நீலம் கலந்த வெள்ளையான 6500 கெல்வின் போட்டபோது, ராத்திரியில் கண் கூசுகிறது என்று அம்மா சொன்னார். படுக்கையறைக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சமும், அவர் படிக்கும் இடத்துக்கு 4000-மும் போட்டதும் சரியாகிவிட்டது. செலவாகும் கரன்ட் ஏறக்குறைய ஒன்றுதான்.

விளக்குகளை முடித்துவிட்டு மீட்டரைப் பார்த்தால், மிச்சமிருக்கும் பெரிய ஆள் ஃபேன். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரன்ட்டில் ஓடும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில்தான். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனிலேயே 2 மாதத்தில் 40 யூனிட் மிச்சம். இன்வெர்ட்டரிலும் இதன் பலன் தெரிகிறது: முன்பு இரண்டு டியூப்லைட்டும் இரண்டு ஃபேனும் 250 வாட், இப்போது 100. கரன்ட் போனால் அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது. கூடத்து ஃபேனும் அம்மா அறை ஃபேனும் மாறிவிட்டன. அடுத்து மாடி அறை.